இஸ்திரி போட்ட பாஸ்போர்ட்

பாஸ்போர்ட்டை இஸ்திரி போடக் கூடாது என்று பாஸ்போர்ட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பாதுஷா பின்னால் முப்பத்தாறு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார். தொலைக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. இஸ்திரி பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வாதத்தை எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை ஏழு மணி. விசாவுக்கான காகிதங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் பேனா, இடது கையில் டீ. மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. எந்தக் கையால் ஈயை விரட்டுவது என்பது ஐம்பத்தெட்டு வயது மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவர் இடது கையைத் தூக்கினார்.

இன்னொருவராக இருந்தால் டீயில் நனைந்த பாஸ்போர்ட்டைத் துண்டால் ஒற்றி எடுத்து ஃபேனுக்கு அடியில் வைத்திருப்பார். பாதுஷா எதையும் முழுசாகச் செய்துதான் கெடுப்பார். மகளின் சுடிதாருக்காகச் சூடாகிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. பாஸ்போர்ட்டின் மேல் கைக்குட்டையை விரித்து, ஒரே ஒரு இழுப்புதான் இழுத்தார். போட்டோ பக்கத்தின் மேலுறை அப்பளம் மாதிரிக் குமிழ் விட்டு எழும்பியது. உள்ளே இருந்த பாதுஷாவின் மூக்கு நகர்ந்து போய்க் காதோடு சேர்ந்துகொண்டது.

"இப்பத்தான்த்தா என்னைய மாதிரியே இருக்கு," என்றார்.

மகள் அப்சானா சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்ற மனைவி ஷரீபா, பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த வீட்டில் பதினொரு மாதமாக இப்படித்தான். பாதுஷா ஜோக் அடிப்பார். அது தரையில் விழும். ஷரீபா அதைத் தாண்டி நடந்துபோவாள்.

இஜாஸை அறியாதவர்களுக்காக ஒரு வரி. பாதுஷாவின் மகன். இருபத்தைந்து வயதில் இத்தாலிக்கு மேல்படிப்புக்குப் போனான். பகலில் படிப்பு, சாயங்காலத்தில் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒரு பனி மூட்டத்தில் லாரிக்காரருக்குச் சைக்கிள் தெரியவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை என்பதுதான் பாதுஷாவால் தாங்க முடியாதது.

டவுன்ஹால் ரோட்டில் அவருக்குச் சூட்கேஸ் கடை. ஊரில் பாதிப் பேர் அவர் விற்ற பெட்டியோடுதான் துபாய் போனார்கள், ஹனிமூன் போனார்கள். அவர் மட்டும் திருச்சி தாண்டியதில்லை. மகன் கிளம்பும்போது கடையிலேயே பெரிய நீலப் பெட்டியை எடுத்துக் கொடுத்து, "முப்பது வருஷம் தாங்கும்டா. உன் மகன் காலேஜுக்குக் கொண்டு போவான்," என்றார். பெட்டி இன்னும் புதுசாகவே இருக்கிறதாம். கூடத் தங்கியிருந்த முகமது யாசீனின் அறையில், கட்டிலுக்கு அடியில்.

மௌத் செய்தி வந்த அன்று, உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமா, அங்கேயே அடக்கம் செய்யலாமா என்று போனில் கேட்டார்கள். பாதுஷா பத்து நிமிஷம் யோசித்தார். யாரையும் கேட்கவில்லை. "அங்கேயே அடக்கிருங்க," என்றார். அடக்கத்தை வீடியோ காலில் காட்டினார்கள். முன்னறையில் ஆண்கள், பாதுஷாவின் கையில் போன். உள்ளறையில் பெண்கள். ஷரீபாவிடம் போன் போய்ச் சேர்வதற்குள் கால் கட்டாகிவிட்டது. நெட்வொர்க், என்றார் பாதுஷா. எல்லோரும் நெட்வொர்க் என்றார்கள்.

அன்றிலிருந்து அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தார். "நான் செஞ்சது சரியா, தப்பா?"

அல்லாஹ்வின் நாட்டம், என்றார்கள். மனசைத் தேத்திக்கங்க பாய், என்றார்கள். ஷரீபாவை மட்டும் அவர் கேட்டதில்லை.

உம்ரா யாத்திரைக்கென்று எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பணம்தான் இப்போது இத்தாலிக்கு. ரொம்பச் சிக்கனமாகப் போனால் இரண்டு பேர் போய் வரலாம். மகனை அடக்கிய கபுரைப் பார்த்து, ஒரு யாசீன் அத்தியாயம் ஓதிவிட்டு வருவது. இங்கிலீஷுக்கும் போனுக்கும் அப்சானா. கபுருக்குப் பாதுஷா. தெருப் பெண்கள் யாரும் கபுர்கள் இருக்கிற மையவாடியின் வாசலை மிதித்ததில்லை. ஆகவே ஷரீபா அந்தக் கணக்கிலேயே வரவில்லை. யாரும் முடிவு செய்ததில்லை; எழுபது வருஷமாக அந்தத் தெருவில் அது அப்படியே கிடந்தது.

மூன்று மாதமாகப் பாதுஷா யூடியூப் பார்த்து நாற்பது பக்க நோட்டில் குறிப்பு எழுதினார். அங்கே காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் இன்னொரு விலை. தெருக்குழாயிலேயே நல்ல தண்ணீர் வரும், பாட்டில் போதும். வேக ரயில் வேண்டாம், நிறுத்தி நிறுத்திப் போகிற ரயிலில் ஏறு. டிக்கெட்டை ஸ்டேஷன் மிஷினில் குத்தாமல் ஏறினால் அபராதம். வீடியோவில் பேசிய பையன் ஒவ்வொரு குறிப்புக்கும் பிறகு "லைஃபை என்ஜாய் பண்ணுங்க மக்களே" என்றான். பாதுஷா அதையும் நோட்டில் எழுதி, பிறகு அடித்தார்.

வியாழக்கிழமை சென்னையில் விசா அப்பாயின்ட்மென்ட். இன்று திங்கள்.

---

காளவாசலில் ஒரு செல்போன் கடைக்கு மேலே விஜய்ஆனந்தின் டிராவல்ஸ். படி செங்குத்து. பாதுஷா ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது, அவன் வீட்டு பாஷையில் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். சௌராஷ்டிர பாஷையில் அம்மா திட்டினாலும் திட்டு திட்டுதான் என்பது முகத்தில் தெரிந்தது.

"வாங்க பாய். வாம்மா," என்று போனை வைத்தவன், பாஸ்போர்ட்டைப் பார்த்து நிறுத்தினான். "இது என்ன பாய்?"

"பாஸ்போர்ட் மாப்ள."

"அது தெரியுது. என்ன செஞ்சீங்க?"

"இஸ்திரி போட்டேன்."

விஜய்ஆனந்த் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "கஞ்சி ஏதும் போட்டீங்களா?"

பதினொரு மாதத்தில் தன்னுடைய ஜோக்குக்கு மேல் ஒருவன் ஜோக் அடிக்கிறான் என்பதில் பாதுஷாவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"செல்லுமா, செல்லாதா? நேராச் சொல்லு மாப்ள."

"பாப்போம் பாய். கவுன்ட்டர்ல யார் உக்காந்திருக்காங்கன்னு இருக்குல்ல. சில பேர் கண்டுக்க மாட்டாங்க. சில பேர் மேல கேக்கணும்பாங்க. நம்ம நேரம் நல்லா இருந்துச்சுன்னா…"

"நம்ம நேரம் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அப்சானா குறுக்கே வந்தாள். "அண்ணே, செல்லாதுன்னு சொல்றதுக்கு இம்புட்டு சுத்தணுமா?"

"செல்லாதுன்னு சொல்லலம்மா. கஷ்டம்னு சொல்றேன்."

"தட்கல்ல புதுசு எடுத்தா?"

"வியாழக்கிழமைக்கு வராது. அதை விட்டா அடுத்த தேதி ஒன்றரை மாசம் தள்ளித்தான் காட்டுது."

ஒன்றரை மாதம். மகன் இறந்து ஒரு வருஷம் ஆகிற நாளின் பாத்திஹா அடுத்த மாதம் பதினான்காம் தேதி. அன்றைக்குக் கபுர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஓட்டமும்.

விஜய்ஆனந்த் ஒரு ஃபைலை எடுத்துத் தடவினான். மேலே பயணத் திட்டம். ரோம், வெனிஸ், பிசா. "சாஞ்ச கோபுரம்லாம் போட்டுக் கரெக்டா ரெடி பண்ணி வச்சிருந்தேன் பாய். சுத்திப் பாக்கப் போறோம்னு இருந்தாத்தான் கேள்வி கம்மி." சொன்ன பிறகு அவனுக்கே கூசியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு செய்யலாம். பாப்பாவுக்கு இருக்கற தேதி இருக்கட்டும். உங்க இடத்துல வேற ஆள் பேரைப் போட்டுப் பேசிப் பாக்குறேன். ஆனா இன்னிக்கு ஆறு மணிக்குள்ள சொல்லணும். யார் பாய் போவாங்க?"

பாதுஷா சொந்தக்கார ஆண்களை மனசுக்குள் வரிசையாக நிறுத்தினார். தம்பியிடம் பாஸ்போர்ட் இல்லை. மைத்துனரிடம் பாஸ்போர்ட் உண்டு, முழங்கால் இல்லை. பெரியப்பா மகனுக்கு இரண்டும் உண்டு. அவனை அனுப்பினால் சாய்ந்த கோபுரத்தைத்தான் பார்த்துவிட்டு வருவான்.

கீழே இறங்கி வந்ததும் அப்சானா வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை.

"அத்தா, நம்ம வீட்ல இன்னொரு பாஸ்போர்ட் இருக்கு."

"யாருது?"

"உம்ராவுக்குன்னு ரெண்டு பேருக்கும் சேர்ந்துதானே எடுத்தீங்க."

காளவாசல் சிக்னலில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அது நிற்கும்வரை பாதுஷா பையில் வண்டிச் சாவியைத் தேடினார்.

"உங்கம்மா மையவாடிக்கு எப்படித்தா…"

"அது இங்க."

"எங்க இருந்தாலும் மையவாடி மையவாடிதானே?"

"அம்மாவைக் கேட்டீங்களா?"

"பத்து தடவ கேட்டுட்டேன். உங்க இஷ்டம்ங்கறா."

அப்சானா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

அவர் அங்கேயே நின்று பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். "பெரியவங்க ரெண்டு விதமாவும் சொல்லியிருக்காங்க பாய். அந்தத் தாயோட மனசையும் பாக்கணும். நம்ம வழக்கத்தையும் பாக்கணும். வீட்ல கலந்துக்கங்க." வைத்துவிட்டார்.

பாஸ்போர்ட்காரனும் நேராகச் சொல்லவில்லை, பள்ளிவாசல்காரரும் நேராகச் சொல்லவில்லை. இந்த ஊரில் நேராக இருப்பது விஜய்ஆனந்தின் மாடிப்படி மட்டும்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பாதுஷா வண்டியை எடுத்தார்.

---

மதியம் மொட்டை மாடிக்குப் போனார். காலையில் டீயில் நனைந்தவை பாஸ்போர்ட்டோடு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, அங்கே நகராட்சி கொடுத்த அடக்கக் காகிதம். இன்னொன்று, யாசீன் அனுப்பி, இங்கே பிரின்ட் போட்ட கபுரின் போட்டோ. இரண்டையும் ஷரீபா துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப் போட்டிருந்தாள், இரண்டு கைக்குட்டை போல.

இத்தனை மாதத்தில் அவை ஒரு முறைகூடப் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததில்லை. காகிதம் ஃபைலில் இருந்தது. போட்டோ அவர் தலையணைக்கு அடியில் இருந்தது.

போட்டோவில் ஈரமான மண். பெயர்ப் பலகை இல்லை. ஒரு மரக்குச்சியில் சின்னத் தகடு, அதில் எண். 38.

காகிதத்தில் ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியாது. மகனின் பெயர் புரியும். எண்கள் புரியும். மகனின் பெயருக்கு நேராகக் கட்டத்துக்குள் அச்சடித்திருந்தது 52.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கொடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் 38, 52.

அங்கே இப்போது காலை ஒன்பது மணி இருக்கும். யாசீனுக்குப் போன் போட்டார். கீழக்கரைப் பையன், அடக்கத்தில் மண் போட்டவன், மகனுக்குச் சமம்.

"யாசீன், அந்தத் தகட்டுல என்ன நம்பர்த்தா?"

"எதுக்கு மாமா?"

"காயிதத்துல வேற நம்பர் இருக்கு."

"மாமா… அன்னிக்கு நாலு அடக்கம் ஒண்ணா நடந்துச்சு. மழை வேற. நீங்க வாங்க மாமா. நேர்ல பேசிக்கலாம்."

"என் மகன் எதுலடா இருக்கான்?"

"வேலைக்கு நேரமாச்சு மாமா. நீங்க வாங்க."

பாதுஷா காகிதத்தையும் போட்டோவையும் கிளிப்பிலிருந்து எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இன்னும் ஈரம் காயவில்லை. நெஞ்சில் சில்லென்று ஒட்டியது. ஒரு ஜோக் வருமா என்று காத்திருந்தார். வரவில்லை.

---

ஐந்தேகாலுக்கு அடுப்படிக்குப் போனார். ஷரீபா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தானும் ஒரு பல்லை எடுத்தார்.

"வைங்க. நகத்துல கீறிக்குவீங்க."

"என் பாஸ்போர்ட் செல்லாது ஷரீபா."

"தெரியும். காலைலயே பாத்தேன்."

"ஆறு மணிக்குள்ள வேற ஆளைச் சொல்லணுமாம். யாரை அனுப்பலாம்? நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்."

"எல்லாத்தையும் என் இஷ்டத்துக்கு விட்டா, நான் எல்லாத்தையும் இஸ்திரி போட்ருவேன்."

அவள் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள். எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது. உறை பிரிக்காத மாதிரிப் புதுசு. அதற்குள் ஒரு சின்னக் கவர். கவரில் வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ இரண்டு, விசா சைஸில்.

பாதுஷா போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எப்ப எடுத்த?"

"ரெண்டு மாசமாச்சு. பழங்காநத்தத்துல தங்கச்சி வீட்டுக்குப் போனேன்ல, அன்னிக்கு."

"ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே."

"பத்து தடவ கேட்டேனே!"

"'நானும் அப்சானாவும் போறோம், நீ என்ன சொல்ற'ன்னு கேட்டீங்க. பத்து தடவயும் அதேதான் கேட்டீங்க. 'நீ வாரியா'ன்னு ஒரு தடவ கேட்டீங்களா?"

பாதுஷாவின் விரலில் பூண்டுத் தோல் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உதறிப் பார்த்தார்.

"தெருவுல பேசுவாங்களே ஷரீபா."

"பேசட்டும். பெத்தவ போனான்னுதானே பேசுவாங்க?"

அவர் போனை எடுத்தார். ஐந்து நாற்பது. விஜய்ஆனந்த் முதல் மணியிலேயே எடுத்தான். "மாப்ள, பேரை எழுதிக்க. ஷரீபா. ஆமா, என் வீட்டுக்காரம்மா. பாஸ்போர்ட்டை இப்ப அப்சானா போட்டோ எடுத்து அனுப்பும். இல்லப்பா, இதை நான் தொடவே இல்ல."

"பேசிப் பாக்குறேன் பாய்," என்றான் அவன். இப்போதும் நேராகச் சொல்லவில்லை.

போனை வைத்தபிறகு எழுந்து போயிருக்கலாம். நோட்டை எடுத்துவந்து, காபி நின்று குடிக்க வேண்டும், டிக்கெட்டை மிஷினில் குத்த வேண்டும் என்று பாடம் நடத்தியிருக்கலாம். அதைச் செய்வதாகத்தான் இருந்தார். வாயில் வேறு வந்தது.

"ஷரீபா, எல்லாரையும் கேட்டுட்டேன். உன்னைய மட்டும்தான் கேக்கல. அன்னிக்கு நான் சொன்னது சரியா, தப்பா?"

அவள் பூண்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். இவ்வளவு நேரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அங்கேயே அடக்கினது சரிதான். இங்க கொண்டு வந்திருந்தா, எம்புள்ள எம்புட்டு நாள் பெட்டில கெடந்திருப்பான்? மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது. அதுல உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அன்னிக்கும் இல்ல."

பதினொரு மாதமாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததை யாரோ வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது பாதுஷாவுக்கு. கண்ணைத் துடைத்தார். பூண்டுக் கை. எரிந்தது. "இதுக்கா இத்தன நாள்…" என்று சிரிக்கப் பார்த்தார்.

"இருங்க. முடிக்கல."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னிக்குப் போன் கட்டாகல. நீங்க கட் பண்ணீங்க."

"ஷரீபா…"

"கதவு இடுக்குல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். முகத்துத் துணியை வெலக்கப் போறாங்கன்னு யாரோ சொன்னாங்க. ஓடி வந்தேன். உங்க பெருவெரலு அந்தச் செவப்பு பட்டனை அமுக்குச்சு. அப்புறம்தான் நெட்வொர்க்னு சொன்னீங்க."

"என்னால பாக்க முடியல ஷரீபா."

"தெரியும். உங்களால முடியல. அதுக்காக எனக்கும் இல்லாமப் பண்ணிட்டீங்க. என்னையக் கேக்கவே இல்ல. சரியா தப்பான்னு கேட்டீங்கள்ல? அது தப்பு."

அவள் பாஸ்போர்ட்டையும் போட்டோவையும் கவருக்குள் போட்டு மடித்தாள். குரல் உயரவில்லை.

"முகத்தைத்தான் பாக்கல. அவன் இருக்கற எடத்தையாச்சும் இந்தக் கண்ணால பாத்துட்டு வாரேன்."

பாதுஷாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அதன் மேலேயே நின்றது. நான்காக மடித்த காகிதத்தில் டீ வாசனை இன்னும் போகவில்லை.